சிசுவின் பெயரால் திரட்டும் நிதி

இரண்டு கற்களை நட்டு அவற்றின் மேல் மூன்றாவதைக் கிடத்திய சுமைதாங்கிகளைத் தென்சீமைப் பாதைகளில் நடந்த பழைய தலைமுறையினர் அறிவார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் ஞாபகார்த்தமாக, அவள் இறக்கி வைக்காமலே போன பாரத்துக்கு ஈடாய் வழிப்போக்கரின் தலைச்சுமையேனும் சற்று இறங்கட்டும் என்றெண்ணி, அவளைச் சேர்ந்தவர்கள் நிறுத்திய தர்மம் அது. ஆனால் பிறந்து ஓரிரு நாள் மூச்சுவிட்டு மறைந்த சிசுவுக்கோ பெரும்பாலும் கல்லுமில்லை, திதியுமில்லை. பல வீடுகளில் பெயர்கூட இட்டிருக்க மாட்டார்கள். புதைத்துவிட்டுத் திரும்பியதும், "அடுத்த பிள்ளை பொறக்கும், மனசைத் தேத்திக்கோ தாயி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படிப்பட்ட குழந்தையின் பெயரால், பிற சிசுக்களைக் காக்கவென்று பெற்றோர் ஊராரிடம் பொருள் கேட்பது நியாயந்தானா?

நியாயமே. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக், 1963 ஆகஸ்டு 7ஆம் தேதி குறைமாதத்தில் பிறந்து, நுரையீரல் முதிராத நோயினால் 39 மணி நேரத்தில் இறந்தபோது, அதுவரை வைத்தியர் மட்டுமே அறிந்திருந்த அந்நோயின்பால் ஜனங்களின் கவனம் திரும்பியது. 1980இல் ஜப்பானிய வைத்தியர் புஜிவாரா, நுரையீரலை விரியச் செய்யும் மருந்தை அதே நோயுற்ற சிசுக்களுக்குச் செலுத்திப் பலன் கண்டதை உலகுக்கு அறிவித்தார். ஜனாதிபதி வீட்டுத் துக்கம் தானாகவே உலகின் செவியை எட்டியது. மணியாச்சிப் பக்கத்துக் கரிசல் காட்டில் பருத்தி எடுப்பவளின் துக்கமும், கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் கூலி வாங்குபவளின் துக்கமும் தெருவைத் தாண்டுவதில்லை. ஆகையால் வாய்திறந்து கேட்கும் உரிமை அவர்களுக்கே அதிகம். துக்கத்தைக் கடைவிரிக்கிறார்கள் என்று பழிப்பவர்கள், மௌனம் அந்தத் தாயை எப்படித் தின்றிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

எனினும் ஓர் ஆட்சேபம் கனமானது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னின்று கேட்கும்போது இல்லையென்று சொல்ல யாருக்கும் நா எழாது. கொடுத்தபின் அந்தப் பணம் எங்கே போயிற்று என்று கேட்கவும் எழாது. மொய்யில்கூட ஒரு நேர்மை உண்டு: நோட்டில் எழுதப்படுகிறது, இன்றில்லாவிட்டால் நாளை திரும்புகிறது. இங்கே கொடுத்தவனுக்குத் திரும்பக் கூடியது கணக்கு ஒன்றுதான். கேட்க இயலாதவனிடம் வாங்கிய பணத்துக்குக் கேளாமலே கணக்குச் சொல்வது மற்றெந்த நிதியைக் காட்டிலும் இந்த நிதிக்குக் கட்டாயமான கடமை. வசூலுக்கு உறவினரும் நண்பரும் புறப்படும்போதோ, அந்தத் தாயின் சம்மதம் இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கலாகாது. இறந்த சிசுவின் முகத்தைப் படமாக்கி இரக்கத்தைக் கறப்பது எவர் செய்தாலும் அதர்மம்.

பணம் எதற்காகிறது என்பதும் அறத்தைச் சேர்ந்ததே. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு யந்திரம் வாங்கித் தருவது கண்ணுக்கு நிறைவாக இருக்கலாம்; மின்விசிறியின் இறக்கையிலும் 'உபயம்' எழுதும் நம் வழக்கத்துக்கும் அது பொருந்தும். ஆனால் யந்திரம் வாங்குவது வரி வாங்கும் அரசாங்கத்தின் கடமை. குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்தணைத்துச் சூடு காக்கும் முறை, 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், யந்திரங்கள் போதாத ஓர் ஆஸ்பத்திரியில்தான் தோன்றிற்று. அந்த முறைக்கு முதல் தேவை, தாய் குழந்தையின் பக்கத்திலேயே இருப்பது. பாளையங்கோட்டைக்கோ தூத்துக்குடிக்கோ குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, கூலியையும் இழந்து வாரக்கணக்கில் காத்துக்கிடக்கும் ஏழைக் குடும்பத்துக்குப் பஸ் சத்தமும் இரண்டு வேளைச் சோறும் கிடைத்தால், அந்தத் தாய் பாதியில் வீடு திரும்ப வேண்டியிராது. சிறு நிதிக்கு இதைவிடத் தகுந்த செலவு இல்லை.

ஆகவே, இத்தகைய நிதியைத் தொடங்குவோர் தயவுசெய்து முதல் நாளே கணக்குப் புத்தகத்தை ஊர் பார்க்கத் திறந்து வையுங்கள். அன்றாடக் கூலிக்காரரின் வாசலில் போய் நிற்காதீர்கள். குழந்தையின் பெயரை எழுதுவதா வேண்டாமா என்பதை அதன் தாயிடமே கேளுங்கள்.