எனக்கு இருக்கலாம்

‘எனக்கெல்லாம் பயமே இல்லீங்க’ என்று சொல்லிக்கொண்டே மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டவர்களை 2020-இல் நிறையப் பார்த்தேன். எதிரில் மாஸ்க்கோடு நிற்பவர் அந்த நொடியே கோழையாகிவிடுவார். இந்தக் கணக்கு எனக்கு அப்போதே இடறியது. துணி மாஸ்க், போட்டிருப்பவரைக் காப்பதைவிட அவருடைய மூச்சிலிருந்து மற்றவரைத்தான் அதிகம் காக்கிறது. அதில் என் தைரியத்துக்கு என்ன வேலை? பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டுபவன் ‘நான் பயப்பட மாட்டேன்’ என்று சொன்னால், ரோட்டில் நடந்து போகிறவனுக்கு அதில் என்ன ஆறுதல்?

கொரோனா, அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். சிலருக்கு அறிகுறியே வராது. ‘நான் நல்லாத்தான இருக்கேன்’ என்பதாவது நாம் நிச்சயமாகச் சொல்லக்கூடிய வாக்கியம் என்று நினைத்திருந்தோம். அதுவும் போனது.

நம் ஊரில் இது இன்னும் சிக்கல். பஸ்ஸில், ரேஷன் கடையில், தெரியாதவர்கள் நடுவே மாஸ்க் போட்டுக்கொள்ள யாருக்கும் சங்கடமில்லை. (அந்த செப்டம்பரில் 200 ரூபாய் அபராதமும் வந்துவிட்டது.) சொந்தக்காரர் வீட்டு வாசலில்தான் கழற்றுவோம், செருப்பைக் கழற்றுகிற மாதிரி. நம்ம ஆளுங்க முன்னாடி மூஞ்சியை மூடிக்கொள்வது மரியாதைக் குறைவு. ஆனால் இந்த வைரஸ் பரவ வசதியானவை மூடிய அறையும் நெருங்கிய பேச்சும் நீண்ட நேரமும். பாசமும் அங்கேதான் வளர்கிறது.

கல்யாணத்துக்கு ஐம்பது பேர் மட்டும் என்றிருந்த சமயம், சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் பெரியம்மா கேட்டார்: “ஏன்டா, எங்களுக்கு என்ன கொரோனாவா இருக்கு?”

“உங்களுக்கு இல்ல பெரியம்மா. எனக்கு இருக்கலாம்.”

“அப்புறம் எதுக்குடா வந்த?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த வருடம் என்னிடம் கேட்கப்பட்டதிலேயே சரியான கேள்வி அதுதான். என்மேல் எனக்கு உண்மையிலேயே சந்தேகம் என்றால் நான் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும், இல்லையா? ஆனால் முழுக்க ஒதுங்கி இருப்பவனும் தனியாக ஒதுங்கிவிட முடியாது. அவன் வாசலுக்கு யாரோ ஒருவர் காய்கறி கொண்டுவந்து வைக்க வேண்டும். கோயம்பேட்டில் மூட்டை தூக்கியவரிடம் போய் ‘வீட்டிலேயே இருங்க’ என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? போகாமல் இருக்க முடியாதவர்கள், அல்லது இருக்க மனமில்லாதவர்கள், பக்கத்தில் இருப்பவரோடு போட்டுக்கொள்ளும் பேரமாகத்தான் மாஸ்க்கை நான் புரிந்துகொள்கிறேன். அரைகுறையான பேரம்தான், சாப்பிட உட்கார்ந்ததும் எப்படியும் கழற்றியாக வேண்டும். பெரியம்மாவிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் சாம்பார் ஆறிப்போயிருக்கும்.

இதே ஜாக்கிரதை தன்னை விட்டுவிட்டு அடுத்தவர் பக்கம் மட்டும் திரும்பினால் என்னாகும் என்பதையும் பார்த்தோம். 2020 ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல், ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. அவருடைய சக மருத்துவர்தான் பிறகு மண்ணைத் தள்ளிப் புதைத்தார். கல்லெறிந்தவர்களும் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். எறியும்போது தோளோடு தோள் உரசி நின்றது அவர்களுக்கு உறைக்கவில்லை.

அடுத்த மாதங்களில் தொற்று வந்த வீடுகளை மறித்துத் தகரம் அடித்தார்கள். அப்படி ஒரு தெருவில் தகரத்துக்கு இந்தப் பக்கம், டீக்கடை வாசலில் ஏழெட்டுப் பேர் ஒட்டி நின்றுகொண்டு, ‘அந்த வீட்டுக்காரன் எங்க போய் வாங்கிட்டு வந்தான்’ என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.