நாளின் ஓரம்

வெங்காயச் சந்தைக்கும், 1660-இல் மொகலாயப் பெரும்படையை ஏறத்தாழ இரண்டு மாதம் எதிர்த்து நின்ற கோட்டைக்கும் பெயர்பெற்ற சாகண், இன்று வாகனத் தொழிற்சாலைகளின் ஊர். பிழைப்பை நாடி இங்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பொழுதை ஆள்வது கதிரவன் அன்று. ஆலையின் ஷிப்டு நேரமே. தந்தை இரவுப் பணி முடிந்து திரும்பும்போது பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுகின்றனர். சில வாரங்களில் ஞாயிறு ஆராதனைக்கும் வழியில்லை. இந்நிலையில், கிறிஸ்தவர்களாகிய நாம் காலத்தை எவ்வாறு பேணுவது?

ஒரு நொடியையும் வீணாக்கலாகாது என்பர் சிலர். நல்லுரைதான், ஆயினும் குறையுடையது. நொடிதோறும் பயன் கண்டு நிரப்பிவிட்டவனிடம், பிறருக்கு ஈய ஒரு நொடியும் எஞ்சுவதில்லை அன்றோ?

வயலை அறுக்கும்போது அதன் ஓரங்களை அறுக்காமல், எளியவனுக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியராகமம் கூறும் கட்டளை. நாளும் ஒரு வயலே எனக் கொள்வோம். அதற்கும் ஓரங்கள் வேண்டும்.

இயேசுபெருமான் இருட்டோடு எழுந்து, தனித்துச் சென்று செபித்ததைச் சுவிசேஷத்தில் காண்கிறோம். அவ்வேளையை அவர் காத்துக்கொண்டார். அவரே, மரணத் தறுவாயிலிருந்த யவீருவின் மகளைக் காண விரையும் வழியில், பன்னிரண்டாண்டு நோயுற்ற ஒரு பெண்ணுக்காக நின்றார். அவளை இடையூறாக அவர் எண்ணவில்லை.

நமது புனே மாவட்டத்துக் கேட்காவிலும் ஒரு சான்று உண்டு. 1896-97 பஞ்சத்தில் ஆதரவற்ற பெண்களை அழைத்து வந்து காத்தவர் பண்டித ரமாபாய். அவ்வில்லத்தின் ஓயாத பொறுப்புகளிடையே, விவிலியத்தை மூலமொழிகளிலிருந்து மராத்தியில் பெயர்க்கவும் அவர் பொழுது கண்டார். அப்பணியை நிறைவேற்றி, 1922 ஏப்ரல் 5-ஆம் நாள் மறைந்தார். தொண்டு கல்வியை விழுங்கவில்லை. கல்வி தொண்டைத் தள்ளிவைக்கவுமில்லை.

ஆகவே, விழிக்கும் வேளை எதுவாயினும் முதற்சிறு பொழுதை இறைவனுக்கு வைப்போம். வாரத்தில் ஒருவேளை உணவையேனும் குடும்பத்தோடு, கைப்பேசியை ஒதுக்கிவிட்டு உண்போம். எஞ்சியதில் ஓர் ஓரத்தை அறுக்காமல் விடுவோம். மொழி தெரியாது மருத்துவமனையில் திகைத்து நிற்கும் புதியவர் நம் கதவைத் தட்டலாம். நாமும் ஒருநாள் அவ்வாறு திகைத்து நின்றவர்களே. அன்று யாரோ ஒருவர் தம் நாளின் ஓரத்தை நமக்கென விட்டிருந்தார். அக்கடனைத் தீர்க்கவே நமக்கும் நாள்கள் அருளப்படுகின்றன.