காந்தட் கிழங்கும் 'அதுவே' என்னும் சொல்லும்

தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள், கோடை முழுதும் தரைக்கு மேல் சுவடின்றிக் கிடந்து, மழை கண்டதும் முளைத்து, மஞ்சளாகிப் பின் சிவக்கும் பூக்களைத் தந்து மீண்டும் வாடி மறையும் கொடியாகும். வறட்சியைத் தாங்கி மண்ணுக்குள் எஞ்சுவது, ஏர்போல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு எனப்படும் அதன் கிழங்கே. உணவைச் சேமித்துப் பருத்த இத்தகைய தரைகீழ்த் தண்டைத் தாவர நூலார் கந்தம் என்பர். எஞ்சுகிறது என்பதும் முழு உண்மையன்று. நட்ட கிழங்கு தன் சேமிப்பை முளைக்கு ஈந்து சுருங்கி அழிய, அப்பருவத்திலேயே புதுக்கிழங்கு உருவாகிவிடுவதால், மறு மழைக்கு முளைப்பது சென்ற ஆண்டு நடப்பட்ட பொருளன்று. ஆயினும் பயிரிடுவோர் அதனை அதே கொடி என்றே சொல்வர்.

மாறிவிட்ட ஒன்றை 'அதுவே' எனச் சொல்லத் தகுமா என்னும் இவ்வினாவே, உயிரைப் பற்றிய பௌத்த, சைவ வழக்கிலும் எழுகிறது. மணிமேகலை விளக்கும் பௌத்தம், உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து தொகுதிகளுக்கு அப்பால் நிலைத்த உயிர் ஒன்றில்லை எனக் கொள்ளும், இத்தொகுதிகளுக்கும் கந்தம் என்றே பெயர் (வடசொல் மூலம் வேறு, தமிழ் ஒலியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன). பௌத்தரைச் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் மறுக்கும் சைவ சித்தாந்தமோ, வினை செய்தவனே பயனை நுகர வேண்டுமாயின் உடல்கள் மாறினும் மாறாத உயிர் வேண்டும் என்கிறது.

இவ்வழக்கில் வித்தும் முளையுமே பழகிய எடுத்துக்காட்டுகள். காந்தளைப் பொறுத்தவரை வித்து அத்துணைப் பொருத்தமானதன்று. பிற கொடியின் மகரந்தமும் கலந்து பிறக்கக்கூடிய அது தாயின் தொடர்ச்சி என்பதினும் குழந்தை எனத் தக்கது, பூப்பதற்கும் மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டார உழவர்கள், கால்சிசின் என்னும் மருந்துப்பொருளுக்காக விதையை விற்றுவிட்டு, நடுவதற்குக் கிழங்கையே வைத்துக்கொள்வதன் காரணம் இதுவே.

கிழங்கு எழுப்பும் வினா இன்னும் கூரியது. அதன் இரு கவைகளையும் மூட்டில் ஒடித்துத் தனித்தனியே நட்டால் இரண்டும் கொடியாகின்றன. எது பழைய கொடி? தொடர்ச்சியை மட்டுமே ஏற்கும் பௌத்தர்க்கு இவ்வினா இடர் தராது. சைவர்க்கோ, ஓருயிர் இரண்டாகாது என்பதால், மற்றொரு கவையில் வேறோர் உயிர் வந்து பொருந்தியது எனல் வேண்டும். வித்து, வேர், கிழங்கு முதலியவற்றினின்று தோன்றுவனவற்றை உற்பீசம் எனப் பிறவி வகைகளுள் ஒன்றாகவே எண்ணும் அந்நெறிக்கு அவ்விடை இயலாததன்று, ஆனால் எக்கவையில் எவ்வுயிர் என்பதைக் காட்ட அதனிடம் வழியில்லை. இவ்வொன்றில் பௌத்தர் கூற்றே எளிது. எனினும் ஒவ்வொரு கவைக்கும் நுனியில் ஒரே முளைக்கண்தான் உண்டு. அது முறிந்த துண்டு, எவ்வளவு பருத்திருந்தாலும், முளைப்பதில்லை.