கோடு மட்டும் அவருடையது

1989-ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு விருந்தினராக வந்த கீத் ஹாரிங் என்னும் சித்திரக்காரர், அந்நகரத்துப் பொதுப் பள்ளிகளின் மாணவர் ஏறத்தாழ 500 பேரைக் கிராண்ட் பூங்காவில் ஒன்றுகூட்டி, 480 அடிக்கு மேல் நீண்டு கிடந்த பலகைச் சுவரின்மீது, ஆடியும் பாய்ந்தும் திரியும் உருவங்களைக் கறுப்புக் கோடுகளாக மாத்திரம் தாம் தீட்டி, அவற்றினுள்ளே வர்ணம் நிரப்பும் காரியத்தைச் சிறுவர் வசமே ஒப்புவித்தார். குழந்தை எழுதிய சித்திரத்தை விழாவுக்கு முந்தைய இரவில் ஆசிரியரே இரகசியமாகத் திருத்தி வைக்கும் விபரீதம் எங்கேதான் இல்லை? ஹாரிங்குக்கு அந்த அவசியமே நேரவில்லை. ஏனெனில், எந்த நிறம் எப்படி வந்து அமர்ந்தபோதிலும் உருவம் சிதையாதபடி தாங்கிக்கொள்ளும் தடித்த கோடு அவருடையது. இதனைப் பெருந்தன்மை என்று சிலர் புகழக்கூடும். சிறுவரின் சுதந்திரத்தையும் சித்திரத்தின் ஒருமையையும் ஒருங்கே பேணத் தெரிந்த தொழிற்சாதுரியம் என்பதே என் அபிப்பிராயம். எய்ட்ஸ் நோயினால் பீடிக்கப்பட்டிருந்ததை நன்கறிந்தே அவர் அச்சுவரின் முன் நின்றார். மறு ஆண்டு பிப்ரவரியில், 31 வயதில் காலமானார்.