இனாம் என்றால் போதுமா?

"இனாமாகத்தானே போடுகிறார்கள், போட்டுக் கொள்ளாதது அவர்கள் குற்றம்" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. கடை வைத்துப் பிழைக்கும் நமக்கு இந்தப் பேச்சு ஒப்பவில்லை. வாசலில் அரிசி மூட்டையை அவிழ்த்து வைத்து 'இனாம்' என்று எழுதிப் போட்டாலும், படிக்கத் தெரியாதவனுக்கும், கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் கூலி வேலையில் நிற்பவனுக்கும் அது எட்டாது. அவன் பட்டினி கிடக்க, கொடுத்துவிட்டோம் என்று நாம் கணக்கெழுதலாமா?

பெண்களுக்கு வரும் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய முழுவதும் எச்.பி.வி. என்னும் கிருமியால் வருவது. அதைத் தடுக்கும் ஊசி 2006-லேயே வந்துவிட்டது. மலேசியாவில் 2010 முதல் 13 வயது மாணவிகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். மெச்சத்தக்க ஏற்பாடு. ஆனால் பள்ளிக்கூடத்துக்கே போகாத பெண் என்ன செய்வாள்?

ஒருநாள் நம் கடையில் இந்த ஊசியைப் பற்றிப் பேச்சு வந்தது. சாமான் வாங்க வந்திருந்த ஒரு தாயாரின் மகள், பன்னிரண்டு வயதில் படிப்பை விட்டு, வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக் கொள்பவள். அந்தத் தாயார், "அதெல்லாம் படிக்கிற பிள்ளைகளுக்குத்தானே, பாய்?" என்றார். நமக்குப் பதில் வரவில்லை.

ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா பணக்கார நாடன்று. அங்கே 2011-இல் பள்ளிகளில் இந்த ஊசியைப் போட்டபோது, வராத பெண்களைச் சுகாதாரத் தொண்டர்கள் ஊர் ஊராகத் தேடிச் சென்றார்கள். முதலாண்டிலேயே அந்த வகுப்புப் பெண்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் ஊசி பெற்றனர். மருந்தோடு தேடுதலையும் சேர்த்துக் கொடுத்ததன் பலன் அது.

தூரம் மைலில் மட்டுமல்ல, வெட்கத்திலும் இருக்கிறது. "எம் பெண் ஒழுக்கமானவள், அவளுக்கு எதற்கு?" என்கிறார்கள் சில பெற்றோர். பெண் ஒழுக்கமாயிருந்தும் கணவன் வழியாகக் கிருமி வரலாமே! ஆகையால்தான் மணவாழ்வுக்கு வெகு முன்பே, 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள்.

சகோதரர்களே! படிப்பை விட்ட பெண் பிள்ளை இருக்கும் வீடு ஒன்றாவது நம் தெருவில் இருக்கும். அரசாங்கக் கிளினிக்கில் விசாரித்து, தாயையும் மகளையும் நம் வீட்டுப் பெண்களோடு அனுப்பி வைப்போம். வண்டிக் கூலியையும், அன்று அவர்கள் இழக்கும் சம்பளத்தையும் நாமே ஏற்போம். சாமான் வீடு போய்ச் சேரும்வரை வியாபாரம் முடிந்ததாக நாம் எண்ணுவதில்லை. தருமத்துக்கும் அதுவே கணக்கு.