எங்கள் தெருவில் வேண்டாமா?

சென்னை பிராட்வே பக்கம் கடை ஷட்டர்கள் ஏறுவதற்கு முன்பே சில குடும்பங்கள் தங்கள் வீட்டைச் சுருட்டிக் கட்டிவிடுகின்றன. தார்ப்பாய் ஒரு சுருள், பாத்திரங்கள் ஒரு சாக்கு, பிள்ளைகளின் புத்தகப் பை கம்பியில் மாட்டியபடி. பெண்கள் இருட்டு பிரிவதற்குள் குளித்து முடிக்க வேண்டும். கழிப்பறைக்குக் காசு கொடுக்க வேண்டும். வயதுக்கு வந்த பெண் இருந்தால், இரவில் பெரியவர் ஒருவர் தூங்காமல் காவல் இருக்க வேண்டும். பலர் நேற்று ஊர்விட்டு வந்தவர்கள் அல்லர். அதே பிளாட்பாரத்தில் பிறந்து, அங்கேயே பேரன் பேத்தி கண்டவர்கள். மூட்டை தூக்குவதும் வண்டி இழுப்பதும் பூக்கட்டுவதும் இவர்கள்தாம்.

இவர்களுக்கு நாம் செய்யக் கடமைப்பட்டது என்ன? வழக்கமாக நம் கை போவது சோற்றுப் பொட்டலத்தின் மேல். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் பொட்டலம் கொடுப்பது நல்ல காரியம்தான். பசித்த வயிற்றுக்கு அந்த வேளைச் சோறு பெரிது. ஆனால் கொடுத்தவர் கையைக் கழுவிக்கொண்டு வீடு திரும்பிவிடலாம். வீடற்றோர் காப்பகம் அப்படி விடாது. அது நம் வார்டில், நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில், நாள்தோறும் இருக்கும். நம் மனசு உண்மையில் சோதிக்கப்படுவது அங்கேதான்.

சட்டத்தில் குழப்பம் இல்லை. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், 100 பேர் தங்கும் அளவில், ஆண்டு முழுவதும் இரவு பகலாகத் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதற்கென்றே ஒரு திட்டம் வகுத்தது. ஆனால் கட்டடம் பார்க்கப் போனால், “காப்பகம் நல்லதுதான், இங்கே வேண்டாம்” என்ற குரல் எழுகிறது. குடிகாரர்கள் வருவார்கள், திருட்டு நடக்கும், மனை விலை இறங்கும் என்கிறார்கள்.

இந்த அச்சத்தை வெறும் கல்நெஞ்சம் என்று தள்ளிவிடக் கூடாது. கடன் வாங்கி வீடு கட்டியவருக்குக் கவலை இருக்கத்தான் செய்யும். அந்தக் கவலைக்கு விளக்கும் காவலாளும் ஒழுங்கான நிர்வாகமும் கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும். ஆனால் காப்பகம் வரவில்லை என்பதற்காக அந்த மனிதர்கள் இல்லாமல் போய்விடுவதில்லை. பூட்டிய கடை வாசலில் படுத்திருப்பார்கள், அவ்வளவுதான். நம் கவலையையும், திறந்த வெளியில் மகளோடு படுத்திருக்கும் தாயின் பயத்தையும் ஒரே தராசில் வைத்தால் எது கனக்கும் என்பதில் சந்தேகமே இல்லை.

“ஊருக்கு வெளியே நல்ல இடமாகப் பார்த்துக் கொடுங்கள்” என்பது கேட்க இதமான யோசனை. ஆனால் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டது: வேலை பக்கத்தில் இருப்பதால்தான் அவர்கள் அங்கே படுக்கிறார்கள், பிழைப்பைப் பறிப்பது உயிர்வாழும் உரிமையைத் தொடுவது. அதே தீர்ப்பு, முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அவர்களை அகற்றலாம் என்றும் சொன்னது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சென்னையிலும், நகரின் ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களுக்குச் சுவரும் கூரையும் கிடைத்தன. வேலை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. வீட்டுவேலை செய்த பெண்களின் சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்கே போயிற்று.

காப்பகத்தின் வாசலிலும் ஒரு கேள்வி நிற்கிறது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று இருந்தால், கணவன் மனைவி பிள்ளைகளோடு வாழும் குடும்பம் அங்கே எப்படிப் போகும்? வர மறுப்பவரைத் திமிர் பிடித்தவர் என்று பேசுவது அநியாயம். பெரிய மனிதர் வருகைக்காகத் தெருவைத் துடைப்பதுபோல் அவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது அதைவிட அநியாயம். குடும்பமாகத் தங்க இடமும், அதிலிருந்து வாடகை வீட்டுக்குப் போக முன்பணமும் கிடைத்தால் மறுப்பவர் சிலரே இருப்பார்கள்.

இதற்கு உள்ளூர்க்காரர்கள் துணை வேண்டும். காப்பகத்துக்கு இடம் கேட்டுப் பகுதி சபையில் பேசுங்கள். வாடகைக்கு வீடு தேடி வரும் பிளாட்பாரக் குடும்பத்தை வாசலோடு அனுப்பாதீர்கள். காப்பகம் வேண்டாம் என்ற மனு உங்கள் வீட்டுக்கு வந்தால், அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.