எடுக்காத நிறம்

பாரிஸ் நகரத்தின் கோப்ளான் நெசவாலை, பிரெஞ்சு அரசர்களின் மாளிகைச் சுவர்களுக்குச் சித்திரத் திரைகள் நெய்து கொடுத்த இடம். அதன் சாயப் பட்டறைக்கு 1824-ல் மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். அவரிடம் வந்த புகார்களில் ஒன்று கறுப்பைப் பற்றியது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் நிழல் காட்ட நெய்யும் கறுப்பு நூலில் அழுத்தம் போதவில்லை, வெளிறித் தெரிகிறது என்றார்கள். சாயத்தில் கோளாறு என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஷெவ்ரல் மற்ற ஆலைகளின் கறுப்புக் கம்பளி நூலை வரவழைத்து, பட்டறை நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கோப்ளான் கறுப்பில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்த நீலம்தான் அதை அப்படிக் காட்டியிருக்கிறது.

பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு 1839-ல் அவர் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பது அதன் சாரம். ஓவியத்தில் தொடங்கி, தோட்டத்தில் எந்தப் பூவுக்குப் பக்கத்தில் எதை நடுவது, பெண்கள் உடை, சிப்பாய்களின் சீருடை என்று எதையும் விடாமல் பேசுகிறார். மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார். விடாமல் பேச நேரமும் இருந்திருக்கிறது.

டிசைன் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு முதல் வருடத்திலேயே சமநிலை, விகிதம், முரண், லயம் என்று பாடம் நடத்துகிறார்கள். பெயர்கள் பல, உள்ளே இருக்கும் சங்கதி ஒன்றுதான். எந்த நிறத்துக்கும் எந்தக் கோட்டுக்கும் தனியாக அழகு கிடையாது. எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம்.

காஞ்சிபுரத்துக்காரர்கள் இதைத் தறியிலேயே வைத்திருக்கிறார்கள். ஒற்றை நாடாவில் நெய்தால், ஊடை நூல் இந்தக் கரையில் நுழைந்து உடலைக் கடந்து அந்தக் கரை வரை போகும். உடலுக்கு மாம்பழ மஞ்சள் ஊடை என்றால் அந்த மஞ்சள் அரக்குக் கரைக்குள்ளும் கலந்துவிடும். பிறகு அது அரக்காக இருக்காது. கோர்வைப் புடவையில் மூன்று நாடா. கரைக்கு ஒன்று வீதம் இரண்டு, உடலுக்கு ஒன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் எல்லையில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடும். மஞ்சள் மஞ்சளாக நிற்கும், அரக்கு அரக்காக நிற்கும். இதற்காகத் தறியில் நெய்பவருக்குத் துணையாக இன்னொரு ஆள் உட்கார வேண்டும். பெரும்பாலும் வீட்டு ஆள்தான். முரண் என்று பாடப் புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும் விஷயத்துக்கு இங்கே இரண்டாவது ஆளின் உழைப்பு விலை. அந்த எல்லைக்கோடு கத்தியால் வெட்டியதுபோல் தெரியக் கூடாது என்று நினைத்தவர்கள், கரையிலிருந்து சின்னச் சின்ன முக்கோணங்களை உடலுக்குள் ஏற்றினார்கள். கோபுரக் கரை என்று நாம் ஆசையாக வாங்குவது அதைத்தான்.

மயில் கழுத்து இன்னும் நுட்பம். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். மடிப்பில் நீலம், நிமிர்ந்தால் பச்சை. உடுத்தியவர் நடந்தால்தான் அந்த நிறம் முழுசாகப் பிறக்கும்.

முப்பாகம் என்றொரு புடவை உண்டு. அகலத்தை மூன்றாகப் பிரித்து, நடுப்பங்கு உடல், மேலும் கீழும் அதே அளவில் கரை. சமமாகப் பிரிக்காதே, ஒன்றுக்கு இரண்டாகப் பிரி என்பார்கள் உடை ஆலோசகர்கள். விரித்துப் போட்டால் முப்பாகம் அவர்கள் சொல்வதற்கு நேர் எதிர். உடுத்திப் பாருங்கள். கீழ்க்கரை காலடியில் முழுதாக நிற்கும். மேல்கரை இடுப்பில் செருகலுக்குள் பாதி மறைந்து, பிறகு மார்பின் குறுக்கே சரிந்து தோளேறிப் போகும். கொசுவத்தில் கரை படிப்படியாக மடிந்து விழும். தரையில் இருந்த சமம் உடம்பில் எங்குமே இல்லை. அந்த அளவை முதலில் வகுத்தவர் துணியை அளக்கவில்லை. துணி நாளைக்கு எந்த உடம்பில் எங்கே மடியும் என்பதை அளந்திருக்கிறார். பாயில் விரித்துக் காட்டுவதைப் பார்த்தே புடவை எடுக்கும் நமக்கு இந்தக் கணக்குப் பிடிபடுவதே இல்லை.

அவருக்குத் தெரிந்த இன்னொன்று, எதைச் சும்மா விடுவது என்பது. பழைய புடவைகளின் உடல் பெரும்பாலும் வெறுமையாக, மிஞ்சிப்போனால் சிறு புட்டாவோடு இருக்கும். கச்சேரியில் தம்புரா போல அது பின்னால் நின்றால்தான் கரையும் முந்தியும் பாட முடியும். இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து ஜக்கார்டில் ஏற்றிவிடலாம். எந்த அங்குலத்தையும் காலியாக விட வேண்டிய கட்டாயம் இல்லை. முடியும் என்பதற்காகவே நிரப்பியிருக்கிறார்கள். முகூர்த்தத்தில் பெண் வந்து உட்கார்ந்தால் முதலில் தெரிவது ஜரிகை, பிறகும் ஜரிகை. முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்கிறோம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், குறுக்குக் கோடுள்ள உடை ஆளை உயரமாகக் காட்டும் என்று 1867-லேயே எழுதிவிட்டார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தவர்களும் குறுக்குக் கோடு ஆளைக் குண்டாகக் காட்டவில்லை என்றே 2011-ல் எழுதினார்கள். நாம் இன்னும் நெடுக்குக் கோடுதான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கோடு விஷயத்தில் ஏமாந்தால் போகட்டும், நஷ்டம் ஒரு சட்டையோடு முடிந்துவிடும். நிறத்தில் அப்படி முடிவதில்லை. ஜவுளிக்கடையில் கல்யாணக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். பெண்ணுக்கு வாடாமல்லியில் கண் போயிருக்கும். “அவ நிறத்துக்கு இது எடுக்காதுங்க, லைட் கலரா காட்டுங்க” என்று ஒரு அத்தை சொல்லுவார். உடனே வெங்காயத் தோல், பிஸ்கட், வெளிர் ரோஜா என்று அடுக்குவார்கள். பத்துப் பேர் நடுவில், தன் தோல்தான் இங்கே பிரச்சினை என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லியாகிவிட்டது.

அத்தையின் கணக்குப்படி பார்த்தாலும் இது தப்பு. வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் அடர் நிறம் இன்னும் அடர்த்தியாகத்தான் தெரியும். ஷெவ்ரல் சொன்னதும் அதுவே. அரக்கு, வாடாமல்லி, கரும்பச்சை போன்ற ஆழ்ந்த நிறங்களுக்குப் பக்கத்தில் கருந்தோல் ஒளிர்கிறது. ஆனால் இப்படி வாதாடுவதிலேயே ஒரு தோல்வி இருக்கிறது. சிவப்பாகத் தெரிய வேண்டும் என்ற அத்தையின் ஆசையை நாமும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கோப்ளானில் கறுப்பைத்தான் எல்லோரும் குற்றம் சொன்னார்கள். கறுப்பு சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் வைத்தது தப்பு. ஒரு பெண்ணின் தோல் துணியைக் கொண்டு திருத்த வேண்டிய பிழை இல்லை. டிசைனில் முதலில் இருக்கும் நிறமே அதுதான். பாவு ஓட்டுவதற்கு முன்பே, சாயம் காய்ச்சுவதற்கு முன்பே அது இருக்கிறது. மற்ற நிறங்களெல்லாம் அதற்குப் பக்கத்தில் வந்து உட்காரத் தகுதி உண்டா என்று நிரூபிக்க வேண்டியவை. ஒரு புடவை ஒருவருக்கு எடுக்கவில்லை என்றால், தோற்றது புடவை.

ஜவுளிக்கடை முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கடைப் பொம்மைகளில் முக்கால்வாசி ரோஜா நிறத்தில் நிற்கின்றன. அடுத்த முறை வாங்கும்போது மாநிறத்தில் நாலு, நல்ல கறுப்பில் நாலு வாங்குங்கள். அவற்றின் மேல் வாடாமல்லியைக் கட்டி நிறுத்துங்கள். வாசல் வெளிச்சத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வையுங்கள். அந்தப் பெண் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு அது வரைக்கும் நடந்துபோய்ப் பார்க்கட்டும். அத்தைக்கு அதற்குள் ஒரு காப்பி கொடுத்து உட்கார வையுங்கள்.